டோசியரும் கில்யார்டும் மோதியிருந்தால்

பிலடெல்ஃபியா
12 செப்டம்பர் 1994

எம்மெட்,

இது யார் கையெழுத்து என்று மூளையைக் கசக்கிக்கொள்ளாதே. வெண்டல் டோசியர்தான். உன் முகவரியை முடிவெட்டுகிற ஹொரேஸ் கொடுத்தான். கொடுக்கும்போதே, "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடா அவன்கூட வம்பு?" என்று கேட்டான். உன்னை நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

சனிக்கிழமை காலையில் இங்கே ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நடக்காமல் போன பெரிய குத்துச்சண்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, யார் ஜெயித்திருப்பார்கள் என்று பார்க்கிறார்கள். அறிவிப்பாளன் ஏதோ நேரில் பார்க்கிற மாதிரி தொண்டை கிழியக் கத்துவான். போன வாரம் நம்முடையது. "இந்த ஊர் பெற்ற இரண்டு மகத்தான மிடில்வெயிட்கள், இருவரும் ஒரே ஜிம், கடைசிவரை மோதவே இல்லை" என்று ஆரம்பித்தான். நான் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து ரவுண்டையும் நின்றபடியே கேட்டேன். கடைசியில், கில்யார்டுக்கு இரண்டு புள்ளியில் வெற்றி என்றான். சட்டை முதுகில் தீய்ந்துவிட்டது.

மோதவே இல்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். ஏன் மோதவில்லை என்று எனக்கல்லவா தெரியும். 1972 ஏப்ரலில் நமக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஜெயிக்கிறவன் சாம்பியனோடு மோதுவான் என்று இருவரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. சுவருக்குச் சுவர் நம் முகம். பத்து நாள் இருக்கும்போது, விலா எலும்பு முறிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நீ தெற்கே பஸ் ஏறிவிட்டாய். அந்தக் கோடையிலேயே அங்கே சின்னச் சின்ன ஊர்களில் யார் யாரோடோ நீ சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். விலா அவ்வளவு சீக்கிரம் கூடிவிட்டதா? எனக்கு வரவேண்டிய வாய்ப்பு வேறொருவனுக்குப் போனது. அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்குப் பத்திரிகைக்காரனிடம், "அவனுக்கு ஒடஞ்சது விலா இல்ல, தைரியம்" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். மோதியிருந்தால் வெண்டல்தான் ஜெயித்திருப்பான் என்று உன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஐம்பத்து நாலு வயதாகிறது. நான் யாராக ஆகியிருப்பேன் என்று தெரியாமலே செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை.

வெண்டல் டோசியர்


ஆரஞ்ச்பர்க், தென் கரோலினா
20 செப்டம்பர் 1994

அன்புள்ள வெண்டல்,

கையால் முகவரி எழுதிய கவர் எனக்கு வந்திருப்பதைப் பார்த்து, தபால்காரி பெர்னிஸ் அதிசயப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "நல்ல சேதிதானே, மிஸ்டர் கில்யார்ட்?" என்று கேட்டாள். "பழைய சிநேகிதன். நான் கோழைன்னு எழுதியிருக்கான்" என்றேன். "அதைச் சொல்ல ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்காரே, அப்ப நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் அக்கா லவினியா மார்ச்சில் இறந்துபோனாள். இந்த வீட்டில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். அதற்குப் பிறகு மின்சார பில் தவிர எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. அதனால் திட்டுகளையும் சேர்த்தே மூன்று முறை படித்தேன்.

நீ கேட்டதை எழுதமாட்டேன். நான் ஜெயித்திருப்பேன் என்றும் எழுதமாட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் உன்னிடம் அடி வாங்கியதில்லை, அதன் பேச்சை விடு.

வேண்டுமானால் ஒன்று செய்யலாம். அந்தச் சண்டையைக் கடிதத்தில் போட்டுப் பார்ப்போம். நான் மூன்று ரவுண்டு எழுதுகிறேன், அடுத்த மூன்றை நீ எழுது. 1972 ஏப்ரல் மாதத்தில் நமக்கு இருந்த உடம்பு, அன்றைய எடை, அன்றைய மூச்சு. விதி ஒன்றுதான்: பொய் கூடாது. நான் புளுகுவதாகத் தோன்றினால் தாளைக் கிழித்துத் திருப்பி அனுப்பு.

முதல் ரவுண்டில் இருவரும் சும்மா சுற்றி வருகிறோம். கூட்டம் முணுமுணுக்கிறது. நான் இடது கையை நீட்டி நீட்டி உன் நெற்றியைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். ரவுண்டு எனக்கு. இரண்டாவதில் உன் வலது தோள் லேசாக இறங்குகிறது, முழங்கை விலகுகிறது, வலது கை வரப்போகிறது என்று தெரிந்து குனிகிறேன். அது என் தலைக்கு மேலே போகிறது, அந்த வேகத்தில் நீ கயிற்றில் போய் மோதுகிறாய். கூட்டம் சிரிக்கிறது. ரவுண்டு எனக்கு. மூன்றாவதில் உன் இடது என் கன்னத்தில் விழுகிறது. சுதாரிப்பதற்குள் மறுபடியும் விழுகிறது. ரவுண்டு உனக்கு.

இனி நீ.

எம்மெட் கில்யார்ட்


பிலடெல்ஃபியா
27 செப்டம்பர் 1994

எம்மெட்,

நான் கயிற்றில் போய் மோதினேனா? கிழிக்கத்தான் தாளைக் கையில் எடுத்தேன். அப்புறம், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று சமையலறையில் நின்று வலது கையை வீசிப் பார்த்தேன். தோள் இறங்கத்தான் செய்கிறது. மிஸ்டர் பர்னெல் பத்து வருடம் நம் இருவருக்கும் பயிற்சி கொடுத்தார், தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இரண்டாவது தடவை வீசியபோது விளக்கு உடைந்தது. கீழ்வீட்டு மிஸஸ் டாலிவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.

"மேல யாரை அடிக்கிறீங்க?"

"யாரையும் இல்ல, மிஸஸ் டாலிவர். நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்ப உங்களையாவது விட்டுவைங்க."

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையும் மாலையும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தெரு கடத்திவிடுகிற வேலை. இடது கையைத் தூக்கினால் லாரி நிற்கிறது. அந்தக் கைக்கு இப்போது அவ்வளவுதான் மரியாதை. என் மனைவி ஒடெட்டா, ஒரு மாதம் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று ஓக்லண்டுக்குப் போனாள். ஆறு வருடம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. "உனக்குப் பேச ஒரே விஷயம்தான் இருக்கு, வெண்டல். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்றாள். அந்த விஷயம் நீதான்.

டயர் கடைக்கு மேலே இருந்த நம் ஜிம் இப்போது கார்ப்பெட் கிடங்கு. மிஸ்டர் பர்னெல் எண்பத்தாறில் போய்ச் சேர்ந்தார். நீ வரவில்லை. யாரும் உனக்குச் சொல்லவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நாலாவது உனக்கு. உன் கால் அன்றைக்கு யாருக்கும் பிடிபடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவதில் உன்னை மூலையில் தள்ளி வயிற்றில் கொடுக்கிறேன், உன் வாய் திறந்துகொள்கிறது. அது எனக்கு. ஆறாவதில் உன் உதடு கிழிகிறது, என் புருவம் வீங்குகிறது. சமம். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் நீயும் கிழிக்கலாம்.

வெண்டல்


ஆரஞ்ச்பர்க்
9 அக்டோபர் 1994

அன்புள்ள வெண்டல்,

மிஸ்டர் பர்னெல் போனது தெரியாது. உன் கடிதத்தை அந்த இடத்தில் மடித்துவைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

பதிலுக்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூடத்தில் நாற்காலி போடுவேன், பிறகு எடுத்து அடுக்குவேன். வாரத்தில் என் வேலை அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் இந்தச் சண்டையில்தான் இருக்கிறேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறேன். வீட்டில் ஒரு குரல் கேட்டால் நன்றாக இருக்கிறது, அது என்னுடையதாக இருந்தாலும்.

ஏழாவதில் நீ களைத்துப்போனதாகப் பாசாங்கு செய்கிறாய். உன் இடுப்பு திரும்புகிறது, வலது கை என் நெஞ்சைத் தேடி வருகிறது, அதை முழங்கையில் வாங்கிக்கொள்கிறேன். பிறகு உன் இடது விழுகிறது. என் கால் தள்ளாடுகிறது. ரவுண்டு உனக்கு. எட்டாவதில் உன் இடது விலாவில் விழுகிறது, தாடையில் விழுகிறது. அதுவும் உனக்கு. ஒன்பதாவதில் எனக்கு மூச்சு திரும்புகிறது. உன் வலது முஷ்டி இறுகுவதைப் பார்த்து முந்திக்கொள்கிறேன். நீ ஒரு முழங்காலை ஊன்றுகிறாய், மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறாய். ரவுண்டு எனக்கு.

என் கணக்கில் இருவரும் சமம், இன்னும் ஆறு ரவுண்டு இருக்கிறது. இனி ஒரு கடிதத்துக்கு ஒரு ரவுண்டு என்று வைத்துக்கொள்ளலாமா? அவசரம் ஒன்றும் இல்லையே.

எம்மெட்


பிலடெல்ஃபியா
17 அக்டோபர் 1994

எம்மெட்,

இந்தக் கவருக்குள் பத்தாவது ரவுண்டு இல்லை. தேடாதே.

நீ எழுதிய ஆறு ரவுண்டையும் மேஜையில் பரப்பி, கையில் பென்சிலோடு படித்தேன். என் வலது கை மூன்று தடவை வருகிறது. மூன்று தடவையும் தோளைப் பார்க்கிறாய், இடுப்பைப் பார்க்கிறாய், முஷ்டியைப் பார்க்கிறாய். என் இடது கை ஐந்து தடவை. ஐந்து தடவையும் அது வெறுமனே "விழுகிறது". அது புறப்படுவதை நீ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பட்ட பிறகுதான் உனக்குத் தெரிகிறது.

மூச்சுச் சத்தத்தை வைத்தே என் இடது வரப்போகிறது என்று சொன்னவன் நீ. "மூக்கால இழுத்தா லெஃப்ட்டு, வாயால விட்டா ரைட்டு, இவன்கூடச் சண்டை போடக் கண்ணே வேணாம்" என்று ஜிம்மில் எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கியவன் நீ. என் இடது கை வருவது உன் வலது கண் பக்கம். நீ எழுதிய சண்டையில் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பொய் கூடாது என்று விதி போட்டதும் நீதான். ஏப்ரல் மாதத்து உடம்பு என்று சொன்னதும் நீதான்.

அந்த ஜனவரி செவ்வாய்க்கிழமை. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. மற்ற ஊர்களில் பயிற்சி என்றால் பயிற்சி. நம் ஊரில் ஜிம்முக்குள் தோற்றவன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே. மிஸ்டர் பர்னெல், "மூணு ரவுண்டு, லேசா" என்றார். நாம் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தோம். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஒன்பது ரவுண்டு போனது, ஒரு டிக்கெட் விற்காமல். ஒன்பதாவதில் என் கட்டைவிரல் உன் கண்ணில் பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கெல்லாம் கிளவ்ஸில் கட்டைவிரல் தனியாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாய். அப்புறம் போய் மீன் சாண்ட்விச் சாப்பிட்டோம். ஹாட் சாஸ் பாட்டிலை எடுக்கப்போய் நீ தட்டிவிட்டாய். இரண்டாவது தடவையும் தட்டிவிட்டாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் நமக்குத் தேதி குறித்தார்கள்.

எம்மெட், அந்தக் கண் என்ன ஆனது?

வெண்டல்


பிலடெல்ஃபியா
14 நவம்பர் 1994

எம்மெட்,

நாலு வாரமாகப் பதில் இல்லை. தொலைபேசி விசாரணையில் கேட்டால், உன் பெயரில் அந்த ஊரில் போனே கிடையாது என்கிறார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு துண்டை எடுத்து வலது கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு பொழுது விடிந்ததிலிருந்து இருந்து பார்த்தேன். காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் முடியவில்லை, அவிழ்த்துவிட்டேன். உனக்கு அவிழ்க்கத் துண்டு கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது. இதே கண்ணோடு நீ அங்கே ரிங்கில் ஏறியிருக்கிறாய்.

இருபத்திரண்டு வருடமாக உன்னைக் கோழை என்று சொல்லியிருக்கிறேன். முடிவெட்டப் போன இடத்தில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனிடம். என் வாழ்க்கையை நீ கெடுத்தாய் என்று சொல்லிக்கொண்டுதான் நான் காலையில் எழுந்தேன். அதை நானே, என் கையாலேயே செய்திருந்தால், அதுவும் காசு கொடுத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லாத இடத்தில் செய்திருந்தால், அதையாவது நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திட்டியாவது எழுது.

வெண்டல்


ஆரஞ்ச்பர்க்
23 நவம்பர் 1994

அன்புள்ள வெண்டல்,

நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். வலது கண். முதலில் ஓரத்தில் ஒரு நிழல் மாதிரி இருந்தது. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன், அந்த நம்பிக்கையில்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். மார்ச் கடைசியில் மொத்தமும் மூடிக்கொண்டது. மிஸ்டர் பர்னெலிடம் மட்டும் சொன்னேன். கண் என்று வெளியே தெரிந்தால் எந்த ஊரிலும் உன்னை ஏறவிடமாட்டார்கள், விலா என்று சொல் என்றார் அவர். இங்கே வந்து, டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன். நாலு சண்டை போட்டேன். எனக்கு அதைத் தவிர வேறு தொழில் தெரியாதே. அந்த நாலு பேருக்கும் உன் இடது கை இல்லை. உன்னோடு ஏறியிருந்தால் உயிரோடு இறங்கியிருக்கமாட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? தெரிந்தால் அதன் பிறகு யார் மேலும் நீ அந்தக் கையை முழுசாக வீசமாட்டாய், வாய்ப்பு எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நல்ல மனசு ஒரு வாரம்தான் இருந்தது. பத்திரிகையில் நீ சொன்னதைப் படித்தேன். அப்புறம் இருபத்திரண்டு வருடம் கோபத்தில்தான் சொல்லவில்லை.

ஆனால் நீ பாதியைத்தான் கண்டுபிடித்தாய். எட்டாவது ரவுண்டு உனக்குத் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டாவதில் உன் இடது என் ஈரலில் இறங்கியது. எனக்கு அப்போது இரண்டு கண்ணும் இருந்தன, அது புறப்பட்டதிலிருந்து பார்த்தேன், பார்த்தும் தடுக்க முடியவில்லை. கால் இரண்டும் போய்விட்டன. உன் மேல் அப்படியே சாய்ந்தேன். நான் கட்டிப்பிடித்து நேரம் கடத்துகிறேன் என்று நினைத்து, "விடுடா, ஏய், விடுடா" என்று திட்டிக்கொண்டே நீ என்னைத் தாங்கிக்கொண்டு நின்றாய். ஓர் அடி பின்னால் போயிருந்தால் நான் தரையில் கிடந்திருப்பேன், யார் பத்து எண்ணினாலும் எழுந்திருக்கமாட்டேன். மணி அடித்தது. மிஸ்டர் பர்னெல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும்டா எம்மெட், உக்காரு" என்றார். "இன்னும் ஒண்ணு" என்று கேட்டது நான். எட்டோடு உட்கார்ந்திருந்தால் கண் இருந்திருக்கும். ஏப்ரல் நடந்திருக்கும். உனக்கு உன் சாம்பியன் சண்டையும் கிடைத்திருக்கும். தோற்றதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒன்பதாவது ரவுண்டு நான் கேட்டு வாங்கியது, வெண்டல். அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

நம் விதிப்படியே எழுதுகிறேன். இரண்டு கண்ணும் இருந்த எம்மெட் கில்யார்டை வெண்டல் டோசியர் எட்டாவது ரவுண்டில் ஜெயித்தான். ஏப்ரலில் மோதியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். நீ முதல் கடிதத்தில் கேட்ட தாள் இதுதான்.

இதை எழுதி ஒரு மாதம் ஆகிறது. தேதியையும் இந்தக் கடைசி வரிகளையும் இன்றைக்குத்தான் போட்டேன். இது உன் கைக்கு வந்தபிறகு நீ எனக்கு எழுதக் காரணம் ஒன்றும் இருக்காது. அதனால்தான் வைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. பெர்னிஸுக்கு நாளையிலிருந்து நாலு நாள் லீவு. வாசலில் நின்று, போடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எம்மெட்


பிலடெல்ஃபியா
28 நவம்பர் 1994

எம்மெட்,

கண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள் என்பது ஒரு கண்ணுக்குப் போதாது. அது என் பொறுப்பு இல்லை என்று நீ எழுதியதை நம்ப முயல்கிறேன், இன்னும் முடியவில்லை. கோழை என்று சொன்னதை ஹொரேஸ் கடையில் எல்லார் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறேன். கண்ணைப் பற்றி அங்கே சொல்லலாமா வேண்டாமா என்று நீதான் எழுத வேண்டும். வேண்டாம் என்றால், விலா நிஜமாகவே முறிந்தது என்றாவது சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்த எட்டாவது ரவுண்டைப் படித்தபோது என்ன நடந்தது என்பதை உனக்கு மறைக்கமாட்டேன். எழுந்து நின்றுவிட்டேன். கண் விஷயத்துக்கு அழுதுகொண்டிருந்தவன், அதே முகத்தோடு சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தும் கோட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று கிளம்பினேன்.

ஹொரேஸ் கடைக்குப் போனேன். திங்கட்கிழமை, பூட்டிக் கிடந்தது. மிஸ்டர் பர்னெல் இல்லை. ஓக்லண்டுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள். "அம்மா வெளிய போயிருக்காங்க. என்ன விஷயம்ப்பா?" என்றாள். "நான் ஜெயிச்சுட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன். "லாட்டரியாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மாடி ஏறும்போது மிஸஸ் டாலிவர் குப்பைப் பையோடு நின்றாள். அவளிடமும் சொன்னேன். "யாரு கில்யார்ட்?" என்றாள். யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். நீ எப்படிப்பட்டவன், உன் கால் எப்படி ஓடும், உன்னை ஜெயிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "பை கனக்குது, மிஸ்டர் டோசியர்" என்றாள். வழிவிட்டேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதக் காரணம் இருக்காது என்று நீ எழுதியிருந்தாய். இருக்கிறது. இந்தச் சேதி எவ்வளவு பெரியது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒருவன்தான் மிச்சம், அதனால் உனக்கே எழுதுகிறேன். எம்மெட், விஷயம் தெரியுமா? நான் கில்யார்டை ஜெயிச்சுட்டேன்டா.

வெண்டல்